ஹேங் ஆகும் கணினிக்கு ஃபார்மேட் முதல் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினி அவ்வப்போது அப்படியே உறைந்து நிற்கிறது என்று யாராவது சொன்னால், "ஒரு ஃபார்மேட் போட்டுப் பாருங்களேன்" என்ற யோசனைதான் உடனே வருகிறது. பத்திரிகைகளின் கணினிக் கேள்வி பதில் பகுதிகளிலும் இது முதல் வரியிலேயே இடம்பிடித்துவிடுகிறது. பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதியாக வேண்டும் என்று நினைக்கிறேன். ஃபார்மேட் போட்டால், அதாவது டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகள் அழிந்துபோகின்றன. ஹார்டு டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், விண்டோஸை மறுபடி ஏற்றும் அலைச்சலில் அது முழுதாகப் படுத்துவிடலாம். பிள்ளைகளின் படங்களும் வீட்டுப் பத்திரங்களும் அதோடு போகும். இது இரண்டையும் விட மோசம், இரண்டு நாள் ஒழுங்காக ஓடியதும் சரியாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுவது. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதைப் பின்னால் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் நகல் எடுத்துவிடுங்கள். இழந்தால் திரும்பக் கிடைக்காத கோப்புகளை மட்டும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றுங்கள், மீதி பிறகு. "செக் டிஸ்க்" போட்டு பேட் செக்டர் (டிஸ்க்கில் கெட்டுப்போன சிறு பகுதி) தேடும் வேலையும் நகல் எடுத்த பிறகுதான். அது டிஸ்க்கின் மேற்பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும். பலவீனமான டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடக்கூடும்.

"எப்போது நிற்கும் என்றே சொல்ல முடியாது" என்பார்கள். அப்படித் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலும் யாரும் குறித்து வைக்காததுதான். விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்து நிற்கும் கோளாறு ஒன்று இருந்தது. கணினி கிளம்பியதிலிருந்து ஓடிய மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணிவந்தார்கள். அதில் கொள்ளும் அளவு சுமார் 429 கோடி. அத்தனை மில்லி விநாடி சேர்ந்தால் 49.7 நாள். க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப் வகை டிஸ்க்) மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்லாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் வந்த புதிய ஃபர்ம்வேர்தான், அதாவது டிஸ்க்குக்கு உள்ளேயே ஓடும் மென்பொருள்தான், அதைத் தீர்த்தது. அந்த எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு எத்தனை முறை ஃபார்மேட் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் நின்றிருக்கும். ஒவ்வொரு முறையும் மணியைக் குறித்து வைத்தவர் இரண்டாவது நாளே விஷயத்தைப் பிடித்திருப்பார்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நின்ற தேதி, மணி, கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் என்ன ஆயிற்று, மீண்டும் எப்படி எழுந்தது. ஆறு ஏழு பதிவு சேர்ந்தாலே ஒரு சாயல் தெரியவரும்.

நின்றவுடன் பவர் பட்டனைப் பிடித்து அழுத்தும் பழக்கத்தை விட வேண்டும். நின்ற பிறகு வரும் முதல் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் தகவல் வேறு எந்தச் சோதனையிலும் கிடைக்காது. முதலில் திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். அதுவும் நின்றிருந்தால் அது காட்டும் நேரம்தான் கணினி நின்ற நேரம், குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிகிறதா? எரிந்தால் இயங்குதளத்தின் அடிவேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் உயிரில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். கடிகாரம் ஓடுகிறது, ஆனால் கீபோர்டும் மவுஸும் மட்டும் இறந்துவிட்டன என்றால் யுஎஸ்பி பக்கம் பார்க்க வேண்டும். ஹப், நீட்டிப்புக் கேபிள், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டையும் மவுஸையும் மதர்போர்டின் பின்பக்கத்துத் துளைகளில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

சத்தமும் நல்ல சாட்சி. பாட்டோ பேச்சோ ஓடிக்கொண்டிருந்து, நின்ற கணத்தில் ஒரே துணுக்கு "டர்ர்ர்" என்று திரும்பத் திரும்ப ஒலித்தால் பிராசஸர் நின்றுவிட்டது என்று பொருள். ஒலிச் சிப், நினைவகத்தின் ஒரு சிறு பகுதியைத் தானாகவே சுற்றிச் சுற்றிப் படித்துக்கொண்டிருக்கும். அங்கே புதிய ஒலியை நிரப்ப வேண்டிய பிராசஸர் வராததால் பழையதே சுழல்கிறது. ராம், பிராசஸர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி), மோசமான டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஆகியவை இந்த அறிகுறியின் சந்தேகப் பட்டியல். மாறாக, படம் மட்டும் உறைந்து பாட்டு ஒழுங்காக ஓடினால் குற்றவாளி கிராஃபிக்ஸ் அட்டை அல்லது அதன் டிரைவர். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் கேட்டுத் திரை ஒருமுறை இருண்டு மீண்டும் வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. வேலையும் தப்பும், காரணமும் தெரியும்.

வீடுகளில் அதிகம் வருவது மூன்றாவது வகை. மவுஸ் நகர்கிறது, கேப்ஸ் லாக் எரிகிறது. ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறப்பதில்லை. திறந்திருந்த புரோகிராம்களும் ஒவ்வொன்றாக வெளுத்து நிற்கின்றன. ஒரு நிமிடம் பொறுத்தால், இத்தனை நேரம் சொடுக்கியதெல்லாம் மளமளவென்று திறக்கின்றன. இது டிஸ்க் சார்ந்த கோளாறு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பவை ஓடும். டிஸ்க்கிலிருந்து ஏதாவது தேவைப்பட்ட கணத்தில் வரிசையில் நின்றுவிடும். விண்டோஸ் தன் இயல்பு அமைப்பில் டிஸ்க்கின் பதிலுக்கு 60 விநாடி வரை காத்திருக்கும். அதனால்தான் இரண்டு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறேன்.

மீண்டும் கிளம்பியதும், விண்டோஸ் குறித்துவைத்த நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பிரிவில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். அங்கே "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் ஒன்று இருக்கும். இதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். முந்தைய தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்லவில்லை. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் வரும். பார்க்க வேண்டியது, உறைந்த கடிகாரம் காட்டிய நேரத்துக்கு முந்தைய சில நிமிடங்களை. "ஸ்டோர்" என்று தொடங்கும் பெயரோடு 129 என்ற நிகழ்வு எண் இருந்தால், டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதன் இணைப்பைத் தட்டி எழுப்பியிருக்கிறது. "டிஸ்க்" என்ற பெயரில் 7 என்றால் பேட் பிளாக். 153 என்றால் ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்திருக்கிறது. "டிஸ்ப்ளே" 4101 கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்ததைச் சொல்லும். "வியா லாகர்" (WHEA-Logger) என்று இருந்தால் வன்பொருளே தன் பிழையை அறிவித்திருக்கிறது. பிராசஸர், ராம், பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராஃபிக்ஸ் அட்டை போன்றவை செருகும் இணைப்பு) பக்கம் தேட வேண்டும். ஒன்றுமே பதிவாகவில்லையா? அதுவும் ஒரு செய்திதான். ஒன்று, எழுதக்கூட நேரமில்லாமல் எல்லாம் நின்றிருக்கிறது. அல்லது, எழுத வேண்டிய டிஸ்க்கே எழுத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

டிஸ்க் மேல் சந்தேகம் விழுந்தால், தன் உடல்நிலையை அது தானே எண்களாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் படிக்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மேலே "குட்" என்று நீலத்தில் காட்டுவதோடு திருப்திப்படாதீர்கள். கீழே உள்ள வரிசைகளில் 5 என்ற எண்ணுள்ளது மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும். 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். 198 என்பது திருத்த முடியாதவை. இந்த மென்பொருள் இவற்றை 05, சி5, சி6 என்று பதினாறடிமான எண்ணில் எழுதும். வலப்பக்கத்து மூல மதிப்பும் இயல்பாக அப்படியே வரும்; அங்கே 10 என்றிருந்தால் உண்மையில் 16. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 197-இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் அன்றைக்கே நகலை முடித்துவிட்டு டிஸ்க்கை மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். படிக்க முடியாத செக்டர் ஒன்றில் மாட்டிக்கொண்ட சாதாரண ஹார்டு டிஸ்க், பல விநாடிகள் தனக்குள்ளேயே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். கணினி உறைந்ததாக நமக்குத் தெரிவது அந்த விநாடிகள்தான்.

199 வேறு கதை. சி7 என்று தெரியும் இந்த எண், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. டிஸ்க் நல்லது, கேபிள் மோசம் என்பதே பெரும்பாலும் இதன் பொருள். இந்த எண் ஒருபோதும் குறையாது. பழைய கணக்கைப் பார்த்துப் பயப்படாமல் இன்றைய எண்ணை எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்துக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் புதிதாக மாற்றி, உலோகக் கொக்கி உள்ளதாக வாங்கி, வேறு துளையில் செருகுங்கள். கேபினட்டின் பக்கப் பலகை கேபிளை மடக்கி அழுத்துகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கேபிளால் தீரக்கூடிய கோளாறுக்கு முழுக் கணினியையே மாற்றுவது மனதை வருத்துகிறது.

கேபிள் இல்லாமல் மதர்போர்டில் நேரடியாகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் இந்த எண்கள் இருக்காது. "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" என்ற வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் மென்பொருளைக் கொண்டு ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது இவற்றுக்கு அவசியம். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைப்பின் கீழ் உள்ள "லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்"டை ஆஃப் செய்து ஒரு வாரம் பாருங்கள். மின்சாரம் சேமிக்கத் தூங்கப்போன எஸ்எஸ்டி எழுந்து வர மறுப்பதால் வரும் உறைவு இதில் நிற்கும்.

இப்போது ஃபார்மேட்டுக்கு மாற்று. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றிலிருந்து கணினியைக் கிளப்புங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்குகளின் கேபிள்களை, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கழற்றிவையுங்கள். வழக்கமான வேலைகளை அதிலேயே செய்யுங்கள். அங்கேயும் உறைந்தால் விண்டோஸும் நிரபராதி, டிஸ்க்கும் நிரபராதி. ஃபார்மேட் போட்டிருந்தால் ஒரு நாள் உழைப்பு வீணாகியிருக்கும். இங்கே எதையும் அழிக்காமலே அதே கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். பென் டிரைவிலிருந்து கிளப்பி இரவு முழுக்க விடுங்கள். நான்கு சுற்றாவது முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பல நேரம் பிழையைத் தவறவிட்டுவிடும். பிழை வந்தால் முதலில் பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கக்கூடிய, மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டிடிஆர்4 ராமின் தர அளவு 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி அதை 1.35 வோல்ட்டுக்கு ஏற்றிக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது வழக்கம். எல்லா பிராசஸரும் எல்லா மதர்போர்டும் அந்த வேகத்தைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அணைத்ததும் பிழை மறைந்தால் ராமைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு படி குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஒவ்வொரு குச்சியாக ஒரே துளையில் வைத்துச் சோதியுங்கள். பிறகு நல்ல குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையாக மாற்றுங்கள். பிழை குச்சியோடு போகிறதா, துளையோடு நிற்கிறதா என்பது தெளிவாகிவிடும். டிடிஆர்5 உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ராமை மாற்றிய பிறகு முதல் தடவை கிளம்பும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு அப்போது ராமோடு ஒத்திசைவு பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் அணைக்காதீர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கணினி பாரத்தில் நிற்கிறதா, சும்மா இருக்கையில் நிற்கிறதா என்பது. விளையாட்டு, வீடியோ ஏற்றுமதி என்று உழைக்கும்போது நின்றால் சூடு, மின்சாரம், கிராஃபிக்ஸ். யாரும் தொடாமல் ஓய்ந்திருக்கையில் நின்றால் பெரும்பாலும் மின்சேமிப்பு அமைப்புகள். ஆழ்ந்து தூங்கும் பிராசஸர் மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கும். அவ்வளவு குறைந்த பாரத்துக்கு வடிவமைக்கப்படாத பழைய எஸ்எம்பிஎஸ் அங்கே தடுமாறும். 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸர்கள் வந்தபோதே இது பேசப்பட்டது. ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் உள்ள கணினிகளின் பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்" இருந்தால் அதை "டிபிக்கல் கரன்ட் ஐடில்" என்று மாற்றுங்கள். மற்றவற்றில் சி ஸ்டேட் எனப்படும் பிராசஸரின் உறக்க நிலைகளை அணைத்துப் பாருங்கள். சற்று மின்சாரம் கூடச் செலவாகும். ஆனால் திசை தெரிந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் வோல்ட்டேஜ் பல நேரம் தவறு. நான்கு கம்பி மோலெக்ஸ் முனையில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 12, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 5. கணினி உழைத்துக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நொடியின் சிறு துணுக்கில் வந்துபோகும் அலையைக் காட்டாது. ஆகவே அளவு சரியாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நன்றாக ஓடும் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. தயவுசெய்து அதன் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிரைப் பறிக்கும்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இன்றைய பிராசஸர்கள் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான தம் எல்லையைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் அணைந்துவிடும். உறைந்து நிற்பது அதன் வழக்கமான அறிகுறி இல்லை. தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சென்சார் அளவுகளை இரண்டு விநாடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதவிடுங்கள். கணினி நின்ற பிறகும் கோப்பின் கடைசி வரிகள் மிஞ்சும். நிற்பதற்குச் சற்று முன் சூடும் வேகமும் எப்படி இருந்தன என்பதை அவையே சொல்லும்.

தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்ட கோளாறுகளையும் மறக்கக் கூடாது. ஒன்றிரண்டு விநாடி மட்டும் நின்று தொடரும் தடுமாற்றம் சில ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி காரணமாக வருவதை ஏஎம்டி 2022 மார்ச்சில் அறிவித்து, பயாஸ் புதுப்பிப்பில் தீர்த்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் மிகையான வோல்ட்டேஜால் நிலைகுலைவு வருவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும்; ஏற்கெனவே கெட்ட பிராசஸரைக் குணப்படுத்தாது, அதை உத்தரவாதத்தில் மாற்றித்தான் வாங்க வேண்டும். உறையும் கணினியில் விண்டோஸுக்குள்ளிருந்து பயாஸைப் புதுப்பிக்கவே கூடாது. நடுவில் உறைந்தால் மதர்போர்டு எழவே எழாது. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் புதுப்பிக்கும் வசதியைப் பென் டிரைவோடு பயன்படுத்துங்கள்.

மென்பொருள் பக்கம் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டே. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் ஒன்றை நீக்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு புதிதாகக் கிளம்புவதில்லை, உறங்கி எழுகிறது. பழைய டிரைவர் குழப்பம் நாள்கணக்கில் தொடரும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். இனி நான் சொன்ன கணக்குக்கு வருகிறேன். சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆனால் ஒழுங்கில்லாமல், உறையும் கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதையுமே சரிசெய்யாமல் விட்டாலும், அடுத்த மூன்று நாள் அது நிற்காமல் ஓடுவதற்கு நூற்றுக்கு 37 வாய்ப்பு இருக்கிறது. ஆறு நாள் ஓட ஏறத்தாழ 14. ஒன்பது நாள் ஓட 5. ஃபார்மேட் போட்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கிற நூறு பேரின் கணினிகள் உண்மையில் சரியாகாமலே இருந்தாலும், அவர்களில் 37 பேருக்கு "சரியாகிவிட்டது" என்று சொல்ல வாய்த்திருக்கும். அந்த 37 பேர்தான் அடுத்தவருக்கும் ஃபார்மேட்டைப் பரிந்துரைக்கிறார்கள். சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் நிற்காமல் ஓடிய பிறகே மாற்றம் பலித்தது என்று எழுதுங்கள்.

பழுது பார்க்கும் கடையிலும் இதே கணக்குத்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடி மூன்று நாளுக்கு ஒருமுறை நிற்கும் கணினி, 24 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை நிற்கிறது. கடையில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் அதற்குள் நிற்க நூற்றுக்கு எட்டு வாய்ப்பே உண்டு. "எங்களிடம் நன்றாகத்தானே ஓடியது" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை; ஆனால் பயனில்லை. ஒப்படைக்கும்போது நோட்டுப் புத்தகத்தின் நகலையும் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது எந்தச் சோதனை, எத்தனை மணி நேரம், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் நாளிதழ் இனி இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் வெளியிடும்போது, "முதலில் நகல் எடுங்கள், பிறகு ஸ்மார்ட் பதிவின் 197, 199 எண்களைப் பாருங்கள்" என்ற இரண்டு வரியையாவது ஃபார்மேட்டுக்கு முன்னால் அச்சிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
கணினி பழுது பார்க்கும் பணியில் உள்ள வாசகர்